சுவரும் சிறாரும்

2009ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சி, நகரத்துப் பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டும் பணியை மேற்கொண்டது. சுவரொட்டிகளாலும் எச்சிற் கறைகளாலும் பாழ்பட்டுக் கிடந்த மதில்களில் மலையருவியும், வேங்கையும், ஹம்பியின் கல்தேரும் தோன்றலாயின. அவற்றைத் தீட்டியவருட் பெரும்பாலோர் சினிமா பேனரும் கடைப் பெயர்ப்பலகையும் எழுதிப் பிழைத்தவர்கள். கணினி அச்சிட்ட வினைல் பதாகைகள் வந்ததனால் தூரிகையைக் கீழே வைத்துவிட்ட அவர்களுக்கு அப்பணி சில காலம் சோறு போட்டது. அதே ஆண்டு பிப்ரவரித் திங்களில், அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு முதலியாருடைய பழைய மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பெற்றது. ஓவியம் மாளிகைக்குள்ளும் புகுந்தது, தெருவிலும் இறங்கியது. ஆயினும் அத்தெரு வழியே நாள்தோறும் பள்ளிக்குச் சென்ற சிறுவர் சிறுமியருக்கு அம்மதில்களில் பெரும்பாலும் வேலை இருக்கவில்லை, பார்ப்பதோடு சரி.

சிறாருக்கும் சுவருக்கும் உள்ள உறவு பழையது. கரித்துண்டு கையில் அகப்பட்ட குழந்தை எழுதாத வீட்டுச் சுவர் தமிழ்நாட்டில் உண்டோ? அதற்காக முதுகில் இரண்டு வாங்காத குழந்தையும் அரிது. அந்தக் கையையே அழைத்து, "இந்தப் பெருஞ்சுவர் உங்களுடையது, கூடித் தீட்டுங்கள்" என்று சொல்லும் வழக்கம் எப்போது பிறந்தது என்பதே நாம் ஆராயவேண்டுவது.

சுவரோவியம் என்றுமே தனியொருவர் தொழிலன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த சுற்றில், நாயக்கர் கால ஓவியத்திற்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியகத்து வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் அதனை ஆராய்ந்து, ஈரமான சுண்ணச் சாந்தின்மீது தீட்டிய முறை என்று முடிவு கூறினார். சாந்து காயுமுன் வண்ணம் ஏறவேண்டும். ஆதலின் ஒரு நாளில் தீட்டக்கூடிய பரப்பளவுக்கே சாந்து பூசுவர். பூசுவாரும், அரைப்பாரும், கோடு இழுப்பாரும் ஒருங்கே நிற்றல் வேண்டும். இத்தகைய தொழிற்கூடங்களில் இளையோர்க்குக் கிடைத்த இடம் யாது? 1400ஐ ஒட்டி இத்தாலியில் சென்னினோ சென்னினி எழுதிய தொழில்நூல் அதனை ஒளிவின்றிச் சொல்கிறது. மாணாக்கன் ஓராண்டு பலகையில் வரைந்து பழகவேண்டும். ஆறாண்டுகள் வண்ணம் அரைப்பது முதலான சிறுபணிகளைச் செய்யவேண்டும். மேலும் ஆறாண்டுகள் கழித்தே தொழில் கைவரும். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவன் சிறுவனாக இரான்!

குழந்தை வளர்ந்த பிறகன்று, குழந்தையாக இருக்கும்போதே ஓவியன் என்ற எண்ணம் அண்மைக் காலத்தது. வியன்னா நகரில் பிரான்ஸ் சிஸெக் 1897இல் சிறாருக்கென ஓவிய வகுப்பைத் தொடங்கி, "பார்த்து எழுது" என்னும் கட்டளையை விலக்கினார். நம் நாட்டில் அக்காற்று சாந்திநிகேதனத்தில் வீசியது. 1930களில் அங்கே நந்தலால் போஸ், ராம்கிங்கர் பைஜ் ஆகியோரின் வழிகாட்டலில் கலாபவன மாணவர்கள் ஒரு மண்வீட்டின் புறச்சுவர் முழுவதும் புடைப்புருவங்களைச் செய்தனர். மழைக்கும் கறையானுக்கும் அஞ்சித் தார் பூசப்பெற்றமையால் அதற்குக் "கருப்பு வீடு" என்றே பெயராயிற்று. 1946-47இல் இந்தி பவனத்தில் பினோத் பிகாரி முகர்ஜி இடைக்கால அடியார்களின் வரலாற்றை மூன்று சுவர்களில் தீட்டினார். பிறவியிலேயே பார்வை குன்றிய அவர், பெரிதாக்கிய முன்வரைபடம் ஏதுமின்றி நேரே சுவரில் எழுதினார். நம் இராமானுசரும் அச்சுவரில் இருக்கிறார். உடனிருந்து உதவிய மாணவருள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன், கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1942 இயக்கத்திற் சிறை சென்று, வங்கத்தை அடைந்தவர். அதே கலாபவனத்திற் பயின்ற தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமம் சென்று, ஆதாரக் கல்விப் பள்ளியின் சிறாருக்கு ஓவியம் கற்பித்தார். கலையே கல்விக்கு அடிப்படை என்று பின்னர் நூலும் எழுதினார்.

எனினும், பெருஞ்சுவர் ஒன்றை இளையோர் கூட்டத்திடம் ஒப்படைத்து ஒரு நாட்டின் வரலாற்றையே எழுதுவித்த நிகழ்ச்சிக்கு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குத்தான் செல்லவேண்டும். ஜூடித் பாக்கா என்னும் மெக்சிக்க மரபினரான ஓவியரைப் பொறியியற் படைத்துறையினர் 1974இல் அணுகினர். டுஜுங்கா என்னும் வெள்ள வடிகாலின் கான்கிரீட் சுவரை அழகுபடுத்த வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். பாக்கா அழகுபடுத்துவதோடு நிற்கவில்லை. 1976ஆம் ஆண்டுக் கோடையில் எண்பது இளைஞர்களைக் கொண்டு ஆயிரம் அடி நீளம் தீட்டினார். அவர்களுட் பலர் சிறார் நீதிமன்றத்தின் வழியாக வந்தவர்கள். வெவ்வேறு இனத்தவரும், தெருவிற் கண்டால் அடித்துக்கொள்ளும் குழுக்களைச் சேர்ந்தவரும் ஒரே சாரத்தின்மீது நின்றனர். 1983 வரை ஐந்து கோடைகளில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் உழைத்து 2,754 அடி நீளச் சுவரை முடித்தனர். கலிபோர்னியாவின் பழங்குடியினர் முதல் 1950கள் வரை அச்சுவர் பேசுகிறது. மெக்சிக்க மரபினரை நாடு கடத்தியதும், போர்க் காலத்தில் ஜப்பானிய மரபினரை முகாம்களில் அடைத்ததும் அதிலே உண்டு. அந்த இளைஞர்களின் பாட்டனும் பாட்டியும் பட்டவை அவை. பள்ளிப் புத்தகத்தில் அவற்றிற்கு இடம் இருந்ததில்லை. மற்றொரு செய்தியையும் நேயர்கள் கருதவேண்டும்: அவர்கள் உழைப்புக்குக் கூலி பெற்றார்கள். சிறுவர் கையால் ஊரை அழகு செய்வித்து, ஒரு மிட்டாயோடு வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை.

செய்முறை கடினமானதன்று. சிறு தாளில் எழுதிய படத்தின்மீது ஓர் அங்குலக் கட்டமும், வெள்ளை அடித்த சுவரில் ஓரடிக் கட்டமும் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெயர்த்து எழுதுவது உலகெங்கும் உள்ள வழி. இது நம் பெண்மக்களுக்குப் புதியதாயிராது. இருபத்தொரு புள்ளி வைத்து வாசலை நிறைக்கும் சிறுமி, சிறியதைப் பெரியதாக்கும் கணக்கை முன்னமே அறிந்திருக்கிறாள். ஆனால் இங்கே ஓர் இடர் உண்டு. பெரியவர் கோட்டை எழுதி முடித்துவிட்டு, "உள்ளே வண்ணம் நிரப்பு" என்று கிண்ணத்தை நீட்டுவது எளிது. சுவரும் பார்க்க ஒழுங்காக இருக்கும். அது சென்னினியின் வண்ணம் அரைக்கும் வேலைக்கு ஒருபடி மேல், அவ்வளவே. கோணலான யானையானாலும் குழந்தையின் யானையாக இருக்கட்டும் என்பது என் கட்சி. 1995இல் ஜப்பானியர் தொடங்கிய "சிறுவர் கெர்னிகா" இயக்கம் இவ்வழியைச் சார்ந்தது. பிக்காசோ 1937இல் எழுதிய போர் ஓவியத்தின் அளவே, 3.5 மீட்டருக்கு 7.8 மீட்டர் துணியைக் கொடுத்து, அமைதியைப் பற்றிப் பல நாட்டுச் சிறாரையும் எழுதச் செய்தனர்.

பெங்களூருக்குத் திரும்புவோம். 1995இல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டையில் "நலி கலி", அதாவது ஆடிக் கற்றல், என்னும் முறை தொடங்கிக் கருநாடகப் பள்ளிகளிற் பரவியது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, வகுப்புச் சுவரின் அடிப்பகுதி சிறாரின் உயரத்திற்குக் கரும்பலகையாக மாறியது. அடி வாங்கித் தந்த சுவர் பாடம் ஆயிற்று! பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கலை அறக்கட்டளை, 2009 முதல் "கலி கலிசு" என்னும் திட்டத்தின் வழியே கருநாடக ஆசிரியர்க்குக் கலைவழிக் கற்பித்தலில் துணைநின்றது. 2010களின் நடுவில் பீனியா மெட்ரோ நிலையத்தின் சுவர்களைச் சிருஷ்டி கலைப்பள்ளி மாணவர் தீட்டினர். பெயர் வெளியிட விரும்பாத தொண்டர் குழுவொன்று மேம்பாலத் தூண்களில் முக்கோணங்களை வரைந்தது. நாடாவை ஒட்டி முக்கோணம் பிரித்துவிட்டால் பழகாத கையும் பிசகாது. தன் முக்கோணத்தைத் தான் நிரப்பிய சிறுவன் தூணைத் தன்னுடையதென்று காட்டவும் கூடும்.

அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஒரே தெருவில் தமிழும், கன்னடமும், தெலுங்கும், உருதும் ஒலிக்கின்றன. அத்தெருப் பிள்ளைகள் ஒரு சுவரின்முன் கூடினால் எந்த எழுத்தை எங்கே எழுதுவது என்ற வழக்கு எழக்கூடும். எந்த மரத்தை எங்கே வைப்பது என்பதில் எழும் சண்டை வேறு வகையது, அரை மணியில் தீரும். அவர்களுள் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தோரின் குழந்தைகளும் இருப்பர். தாயும் தந்தையும் நாள்தோறும் எழுப்புகின்ற சுவர்களில் அக்குழந்தைகளின் கை படுவதற்கு இடம் கிடைப்பதில்லை. சுவரைத் தேர்ந்தெடுப்போர் மூன்றடி உயரத்திற்குக் கீழே சிறியோர்க்கும், அதற்கு மேல் பெஞ்சின்மீது நிற்பவர்க்கும், சாரத்தின்மீது பெரியோர்க்கும் என்று வகுத்துக்கொள்கின்றனர். முதலில் தேய்வதும், மழைநீர் தெறித்து மங்குவதும் அந்த அடிப்பகுதிதான். அடுத்த கோடையில் மறுபடியும் வெள்ளை அடிக்கப்படுவதும் அதுவே.