மூச்சுப் பொறியிலிருந்து மீளுதல்

1958-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இளம்பிள்ளைவாதம் பரவிற்று. சேபின் என்பார் கண்ட வாய்வழித் தடுப்பு மருந்து ஏறத்தாழ 2,00,000 குழந்தைகளுக்கு வழங்கப்பட்டது. பிடோக்கை அடுத்த சிக்லாப்பில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷனின் சிறுவர் எலும்பு மருத்துவமனை 1939-இல் தோன்றியிருந்தது. ஆதலின் நெடுநாள் நோயின் அருகே காத்திருத்தல் அவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. இளம்பிள்ளைவாதம் கைகால்களை மட்டுமே முடக்குவதன்று; சிலர்க்கு மூச்சுத் தசைகளையும் முடக்கும். இன்றைய மூச்சுப் பொறியின் வரலாறு அந்நோயோடு பின்னியது.

1952 ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் அந்நோய் கடுமையாகத் தாக்கிற்று. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சு முடங்கிய முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். 1928-இல் பாஸ்டனில் உருவான 'இரும்பு நுரையீரல்' அங்கே ஒன்றே இருந்தது. தலைமை மருத்துவர் லாசென், மயக்க மருந்து வல்லுநர் இப்சனை வரவழைத்தார். இப்சன் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் இடப்பட்ட துளைவழியே குழல் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து அல்லும் பகலும் பை அழுத்தினர். நோயாளி தாமே மூச்சிழுக்க முயன்றால், அழுத்தும் கைக்கு அது உடனே தெரியும். பொறிக்கு அவ்வுணர்வு வர நெடுங்காலம் ஆயிற்று.

பொறியிலிருந்து மெல்ல விடுவித்தலை, பால்குடி மறக்கச் செய்தலைக் குறிக்கும் சொல்லாலேயே ஆங்கிலேயர் வழங்குவர். நம் தாய்மார் வேப்பெண்ணெய் தடவி மறக்கடிப்பதுண்டு. இங்கே அந்தக் குறுக்குவழி செல்லாது. பொறி மூச்சு விடுங்கால் உதரவிதானம் வேலையின்றி மெலிகிறது. 18 முதல் 69 மணி நேரத்துக்குள் அதன் தசைநார்கள் பாதிக்குமேல் சுருங்கியதை 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று.

ஆகவே மருத்துவர் நோயாளியை அரைமணி முதல் இரண்டு மணி வரை தாமே மூச்சுவிடச் செய்து பார்ப்பர். மூச்சு விரைந்தாலோ, வியர்த்தாலோ, மீண்டும் பொறியோடு இணைப்பர். சீமெய்யிலுள்ள சாங்கி பொது மருத்துவமனைக்குப் பிடோக்கிலிருந்து நாளும் செல்லும் உறவினர் இங்கேதான் மனமுடைகின்றனர். நேற்றுத் தாமே மூச்சுவிட்ட தந்தையார் இன்று பொறியிலேயே இருக்கக் காண்பது எளிதா? ஆயினும் அது தோல்வியன்று. களைத்த தசை தெளிய ஒரு நாள் போல வேண்டும். ஸ்பெயினில் எஸ்டெபான் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒருமுறை சோதித்ததே பலமுறை சோதித்ததற்கு ஈடான பயன் தந்தது. எனவே 'இன்று இன்னொரு முறை பாருங்களேன்' என்று தாதியை வேண்டுதல் வீண்.

உறவினர்க்கு வேறு வேலை உண்டு. குழல் குரல்நாண்களுக்கு இடையே செல்வதால் நோயாளியால் பேச இயலாது. அவர்க்கு எழுத்துப் பலகை வேண்டும். தமிழுக்கு 247 எழுத்தையும் எழுதிக் குழப்ப வேண்டுவதில்லை. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதினால் போதும். 'த்' என்பதையும் 'ஆ' என்பதையும் விரலால் தொட்டால் 'தா' ஆயிற்று. பிறகு 'க', 'ம்'. தாகம் என்று மகள் படித்துவிடுவாள். தாதியிடம் கேட்டு உதட்டை நனைப்பாள்.