வாசலில் நிற்கும் அரசு மடிக்கணினி

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில், தனி வீட்டுக்கு எட்டாதவை பலவும் முதலில் பொதுக் கட்டடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது பக்கத்து எட்டயபுரத்தில். பருத்தியும் கம்பும் சோளமும் வானம் பார்த்துக் கிடந்த ஊர்களில், வீட்டில் இல்லாத சோறு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. செய்தியும் பாட்டும் அப்படித்தான் வந்தன. ஊராட்சிக் கட்டடத்து வானொலிப் பெட்டியைச் சுற்றி ஊர் உட்கார்ந்து கேட்டது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்த ஆண்டு வாங்கிய மத்திய அலைப் பெட்டி பழுதாகாமல் இருந்திருந்தால், முப்பது ஆண்டு கழித்தும் அதே நிலையத்தைப் பிடித்திருக்கும். நிலையம் தன் கருவிகளை எத்தனை முறை மாற்றினாலும், கேட்பவர் பெட்டியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வானொலி யாரையும் அடையாளம் கேட்பதில்லை, பூட்டு மாற்றுவதும் இல்லை. பின்னால் வந்த பொதுவசதிகளில் இந்தக் குணம் மெல்ல மறைந்தது. அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளின் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொலைக்காட்சி இதற்கு நல்ல சான்று. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. பின்புறம் தடித்த அந்தக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள் பழைய முறை ஒளிபரப்புக்குச் செய்யப்பட்டவை. கேபிள் முழுவதும் டிஜிட்டலாக மாறியபோது அவை ஒரேயடியாகக் குருடாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அரசு கேபிள் நிறுவனம் 2017இல் செட்டாப் பெட்டிகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைப் பின்னால் செருகியதும் பழைய பெட்டியில் புதிய படம் வந்தது. கொடுத்த கருவியைக் காலம் கைவிடும் நேரத்தில் இடையில் ஒரு பாலம் போடும் வேலையும் கொடுத்தவருக்கே உண்டு என்பதை அரசு அன்று செயலில் ஒப்புக்கொண்டது. மடிக்கணினி விஷயத்தில் அந்தப் பாலத்தை எவரும் போடவில்லை என்பதே என் வாதம்.

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்தார். தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்தது. 2020 வரையில் ஏறத்தாழ 50 லட்சம் கருவிகள் மாணவர் கைக்குப் போயின. தீப்பெட்டி ஆபீசிலும் மில்லிலும் காட்டிலும் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் நுழைந்த முதல் கணினி, பெரும்பாலும் 'கவர்மெண்ட் லேப்டாப்'தான். தொடக்கக் காலக் கருவிகளில் 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு, விண்டோஸ் 7இன் ஸ்டார்ட்டர் பதிப்பு, கூடவே மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகியவை இருந்தன. வைஃபையும் இருந்தது. ஆனால் அந்த விலைக்குக் கிடைத்த வைஃபை சில்லுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் அறிந்தவை. அன்று அது குறையே இல்லை. இந்தியாவில் 2005இல் உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்ட அலைவரிசை அது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை விரிவாகத் திறக்கப்பட்டது 2018இல்தான்.

இன்று அப்படி ஒரு கருவியை நூலகத்துக்கோ, விடுதிக்கோ, பல குடும்பங்கள் ஒரே இணைப்பைப் பகிரும் கட்டடத்துக்கோ கொண்டுபோனால் என்ன நடக்கிறது? ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கினால், இணைப்பின் பெயரே திரையில் தோன்றாது. 2.4இல் இயங்கினாலும், 12 அல்லது 13ஆம் சானலில் வைத்திருந்தால் சில பழைய கருவிகள் அதைக் காணா. அவை அமெரிக்க வழக்கப்படி 11 சானல் வரை மட்டுமே தேடும்படி அமைக்கப்பட்டவை. பெயர் தெரிந்தாலும், 2018இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற பூட்டை மட்டும் ரூட்டர் ஏற்கும்படி வைத்திருந்தால், சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் விண்டோஸ் 7 உள்ளே போகாது. அதையும் தாண்டிவிட்டால் இன்னொரு தடை. தாய்ப்பலகையில் உள்ள நாணய அளவு பேட்டரி தீர்ந்திருந்தால், கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி நினைத்து, பக்கத்தைத் திறக்க மறுக்கும். தேதியைச் சரிசெய்தாலும், பெருவாரியான தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத கருவிகள் அன்று பல தளங்களை இழந்தன. குரோம் உலாவியும் 2023இன் தொடக்கத்தில் விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. இத்தனையிலும் மடிக்கணினியின் ஒரு திருகுகூடக் கழன்றிருக்காது. கருவி கெடவில்லை, வாசல்தான் இடம் மாறியிருக்கிறது. ஆனால் வீட்டில் சொல்லப்படும் தீர்ப்பு, 'லேப்டாப் போச்சு' என்பதுதான்.

கைபேசி போதாதா என்பார்கள். 2016இல் ஜியோ வந்தபின் டேட்டா மலிவானது உண்மை. காட்டு வேலைக்குப் போகிறவர் கையிலும் இணையம் இருக்கிறது, அது பெரிய நன்மை. ஆனால் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குச் சான்றுகளைச் சரியான அளவில் மாற்றி ஏற்றுவதற்கும், பத்துப் பக்கக் கட்டுரை தட்டச்சு செய்வதற்கும், நிரல் எழுதிப் பழகுவதற்கும் விசைப்பலகையும் அகலத் திரையும் வேண்டும். அவை இரண்டும் வீட்டுப் பரணில் ஏற்கெனவே இருக்கின்றன.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பாதுகாப்பைப் பற்றியது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. அத்தகைய கருவியை அலுவலகக் கணினிகள் இருக்கும் அதே வலையில் சேர்ப்பது ஆபத்து. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விடை கதவைச் சாத்துவதல்ல, வேறொரு அறைக்கு வழிவிடுவது. இன்று விற்கும் ரூட்டர்கள் பலவற்றில் விருந்தினருக்கென்று தனி வலை அமைக்கலாம். அதில் சேர்பவர் இணையத்தைப் பார்ப்பார், அலுவலகக் கணினிகளைப் பார்க்க முடியாது. அதற்கு டபிள்யூபிஏ2 பூட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸும் போதும். புதிய கருவிகள் 5இல் ஓடும்போது பழையவை அவற்றின் வேகத்தைக் குறைக்கும் என்ற கவலையும் பெருமளவு தீர்ந்துவிடும், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு அலைவரிசைகள். கருவிக்குள் செய்ய வேண்டியதும் உண்டு. நினைவகத்தை 4 ஜிபியாக்கி, டெபியன் போன்ற ஒரு லினக்ஸை எளிய முகப்போடு நிறுவினால், பாதுகாப்புத் திருத்தங்கள் மறுபடி வரத் தொடங்கும். கற்றுக்கொடுக்க ஆள் ஏது என்று கேட்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். அங்கே அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. நம் மடிக்கணினிகளிலும் லினக்ஸ் தொடக்கத்திலேயே இருந்தது.

புதிய மடிக்கணினிகள் வரும்போது பழசைப் பற்றி ஏன் பேச வேண்டும்? 2025-26 வரவு செலவுத் திட்டம் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் அதே 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இன்னும் நல்ல நிலையில் உள்ள இன்னொரு தலைமுறைக் கருவிகள் வாசலுக்கு வெளியே போகத் தொடங்கிவிட்டன. இன்று கொடுப்பவையும் ஒருநாள் அந்த வரிசைக்கு வரும். மறுபுறம், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு கொண்டுசெல்வதே பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. அந்த இழை வந்து முடியும் இடம் பெரும்பாலும் ஊராட்சிக் கட்டடம், அன்று வானொலி இருந்த அதே கட்டடம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம் பகுதியின் நூலகர்களும் தலைமையாசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் ஊராட்சி நிர்வாகத்தினரும் தங்கள் கட்டடத்து ரூட்டர் அமைப்பை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். விருந்தினர் வலை ஒன்றை 2.4 கிகாஹெர்ட்ஸில், 11க்குள் ஒரு சானலில், டபிள்யூபிஏ2 பூட்டோடு அமைத்து, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பரணில் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடுமுன், முதலில் தேதியைச் சரிபாருங்கள்.