தீவகம் எந்தத் தீவு?



உரும்பிராயில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு அணியிலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தேன். தீவக அணி என்றதும் ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், தீவகம் எண்டால் வேலணை, புங்குடுதீவுப் பக்கமோ?” மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது. பெயரின் பொருளைச் சொல்லாமல் வரைவிலக்கணத்தை மாத்திரம் மனனம் செய்யவைத்தால், பிள்ளை தனக்குத் தெரிந்த தீவுக்குத்தானே போவாள்?

இந்தத் தீவகம் கடலிலுள்ளதன்று. வடமொழியில் விளக்கைக் குறிக்கும் ‘தீபகம்’ தமிழோசைக்கு இசைந்து தீவகமாயிற்று. ஓரிடத்தில் ஏற்றிய விளக்கு அறை முழுவதும் ஒளி தருவதுபோல, ஓரிடத்தில் நின்ற சொல் பலவிடத்தும் சென்று பொருந்துவது இவ்வணி. “நனைந்தன செம்மண்ணும் வாழையும் வரம்புகளும்” என்றால், முதலில் நின்ற ‘நனைந்தன’ மூன்றுக்கும் உரியது. ஆகவே இது முதனிலைத் தீவகம்.

தொல்காப்பியர் காலத்தில் இத்தனை பெயர்கள் இல்லை. அவர் உவமவியலில் உவமையொன்றையே எடுத்து, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாக அது பிறக்கும் என்றார். அணிகள் பெருகியது காஞ்சியில் வாழ்ந்த தண்டியின் காவியாதரிசத்தின் வழியே. அந்த நூல் நெடுந்தூரம் நடந்தது. கன்னடத்தில் கவிராஜமார்க்கம், சிங்களத்தில் சியபஸ்லகர ஆகிய இரண்டும் 9ஆம் நூற்றாண்டளவில் அதைத் தழுவி எழுந்தவை. தமிழுக்கு அது சற்றுப் பிந்தியே வந்தது. 11ஆம் நூற்றாண்டில் பௌத்தரான புத்தமித்திரர் வீரசோழியத்தின் அலங்காரப் படலத்தில் தண்டியைப் பின்பற்றினார். அடுத்த நூற்றாண்டில் தமிழ்த் தண்டியலங்காரம் தோன்றியது. அதிலே பொருளணிகள் 35.

பெயர்களைத் தமிழாக்கிய விதந்தான் எனக்குச் சுவையானது. ரூபகம் ஒலிமாறி உருவகமாயிற்று. கேட்பவருக்கு ‘உரு’ என்ற சொல்லும் உள்ளே தெரிகிறது. விபாவனை அப்படியே நின்றுவிட்டது; மாணவர் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான். உத்பிரேட்சையோ தற்குறிப்பேற்றமாயிற்று. தன் குறிப்பை இயல்பான நிகழ்ச்சியின்மேல் ஏற்றுதல் என்று பெயரே பாடம் சொல்லிவிடுகிறது. கிணற்றுத் துலா தாழ்வது இயல்பு. வாடிய பயிரைக் கண்டு இரங்கித் தலைகுனிந்தது என்பது கவியின் குறிப்பு. (துலாவைக் காட்ட இப்போது தோட்டமெல்லாம் தேடவேண்டும், அது வேறு கதை.)

இந்த நூல்களிற் சில நம் கைக்கு வந்ததில் அயலூரவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. உரும்பிராய்க்கு வடகிழக்கே, நீர்வேலிக்கு அப்பால், சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். ஏட்டிற் கிடந்த வீரசோழியத்தைப் பெருந்தேவனார் உரையோடு 1881 இல் அச்சேற்றினார். 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையென வெளியிட்டார். அதிலுள்ள உவமவியல் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர்கள், அச்சிலிருந்த அந்தப் பதிப்பை வைத்தே ஆராய்ந்து கண்டார்கள்.