தொட்டி மாத்தின கதை: மல்பெரி, பலா, ஒரு லண்டன் டாக்டர்

மாடியில தொட்டியில மல்பெரி வச்சிருக்கவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. முதல் வருஷம் கொத்துக் கொத்தா காய்ச்சுது. ரெண்டாவது வருஷம் பழம் சிறுத்துப்போச்சு. மூணாவது வருஷம் காலையில தண்ணி ஊத்தினா மதியமே இலை தொங்குது. சரிதானே?

உரம் போட்டு இதைச் சரி பண்ண முடியாது. தொட்டியைக் கவுத்துப் பாருங்க. மண்ணே தெரியாது, வேர்தான் தெரியும். சுவரை ஒட்டிச் சுத்திச் சுத்தி, வெளியே போக வழியில்லாம தன்னைத்தானே இறுக்கிக்கிட்டிருக்கும். வளர்ற குழந்தைக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரிக்காம விட்டா என்ன ஆகும்? அதேதான் இங்கே நடக்குது.

எப்படி மாத்துறதுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, தொட்டியில செடி வச்ச வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துடலாம். அதுல எங்க தொழில்காரங்க நிறைய பேர் வர்றாங்க. நம்ம புதுக்கோட்டைப் பலாவும் வருது.

ஒரு சின்னத் தகவல். மல்பெரின்னு பேர்லயே பெரி இருந்தாலும் தாவரவியல் கணக்குல அது பெரி கிடையாது. பல பூக்களோட காய்கள் ஒண்ணா ஒட்டிக்கிட்ட கூட்டுக்கனி. பலாவும் அப்படித்தான். ரெண்டும் ஒரே குடும்பம். ஆல், அரசு, அத்தி எல்லாமே இவங்க பங்காளிங்க. ஆனா எலுமிச்சையும் நாரத்தையும் உண்மையிலேயே பெரிதான்! கேட்டா வீட்ல யாரும் நம்ப மாட்டாங்க.

அந்த நாரத்தை வகையில இருந்தே ஆரம்பிக்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டுல ரோமாபுரியில பிளினி ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கார். கிழக்கே விளையுற ஒரு நாரத்தை வகைக்கு விஷமுறிவு குணம் உண்டுன்னு நம்பி, பல நாட்டுக்காரங்க அதைத் தங்க ஊருக்குக் கொண்டுபோகப் பார்த்தாங்களாம். எதுல வச்சு? வேருக்குக் காத்து போக ஓட்டை போட்ட மண்தொட்டியில. 1,900 வருஷத்துக்கு முன்னாடியே தொட்டிக்கு ஓட்டை வேணும்னு தெரிஞ்சிருக்கு. நம்ம ஆளுங்க இன்னமும் பெயின்ட் வாளியில ஓட்டையே போடாம செடி வச்சுட்டு, "ஏன் சார் அழுகுது?"ன்னு கேக்குறாங்க.

இப்ப பலாவோட தம்பி கதைக்கு வருவோம். சீமைப்பலா. இலங்கைத் தமிழர்கள் ஈரப்பலான்னு சொல்வாங்க. கரீபியன் தீவுகள்ல கரும்புத் தோட்டம் வச்சிருந்த வெள்ளைக்காரங்களுக்கு 1770-80கள்ல ஒரு சிக்கல். அமெரிக்க சுதந்திரப் போரால சாப்பாட்டுச் சரக்கு வரத்து நின்னுபோச்சு, புயலும் அடிச்சுது. ஜமைக்காவுல அடிமைகள் ஆயிரக்கணக்குல பசியால செத்தாங்க. கூலியே கொடுக்காம வேலை வாங்குற ஆளுக்குச் செலவில்லாம சோறு போடணும். அதுக்குத்தான் டஹிடித் தீவுல இருந்து சீமைப்பலாவைக் கொண்டுவர பவுண்டி கப்பலை அனுப்புனாங்க.

விதையைக் கொண்டு போனா போதாதான்னு கேக்கலாம். அங்கே இருந்த நல்ல ரகத்துல விதையே கிடையாது. வேர்ல இருந்து வெடிக்கிற பக்கக்கன்னுதான் வழி. அதனால கேப்டனோட பெரிய அறையையே நாற்றுப்பண்ணையா மாத்தினாங்க. 629 தொட்டி உட்கார ஓட்டை வெட்டின மேடை, தரையில ஈயத்தகடு, வடியுற தண்ணியைப் பிடிச்சு மறுபடி ஊத்த ஏற்பாடு. கேப்டன் பிளை 1789 ஏப்ரல்ல டஹிடியை விட்டுக் கிளம்பும்போது கணக்கு எழுதி வச்சார்: 774 தொட்டி, 39 மரத்தொட்டி, 24 பெட்டி, மொத்தம் 1,015 கன்னு.

கன்னு சேகரிச்சு, அது தொட்டியில வேர் பிடிச்சு, காத்து திரும்புற வரைக்கும் காத்திருந்ததுல அஞ்சு மாசத்துக்கு மேல ஓடிப்போச்சு. அந்த அஞ்சு மாசத்துல மாலுமிகளும் அந்தத் தீவுல வேர் பிடிச்சுட்டாங்க! கிளம்பி மூணு வாரம்தான். ஏப்ரல் 28 அன்னிக்குக் கலகம். கேப்டனைப் படகுல இறக்கி விட்டுட்டு, அத்தனை கன்னையும் கடல்ல வீசுனாங்க. பிளை உயிரோட ஊர் போய்ச் சேர்ந்து, 1791-ல மறுபடி கிளம்பி, 1793-ல கன்னுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். யாருக்காகக் கொண்டு வந்தாங்களோ அந்த மக்கள் முதல்ல அதை வாயில வைக்கவே மாட்டேன்னுட்டாங்க. அது அவங்க சமையல்ல சேர ரொம்ப வருஷம் ஆச்சு.

அந்தக் காலத்துல கடல்ல செடி போறதுன்னா பாதி சாவுதான். பாதின்னு சொன்னதே தப்பு. சீனாவுல கிழக்கிந்தியக் கம்பெனி சர்ஜனா இருந்த ஜான் லிவிங்ஸ்டன் 1819-ல ஒரு கணக்குச் சொன்னார்: இங்கிலாந்துக்கு ஒரு செடி உயிரோட போறதுக்கு ஆயிரம் செடி செத்துப்போகுது. உப்புக்காத்து ஒரு பக்கம், நல்ல தண்ணிப் பஞ்சம் மறுபக்கம்.

இதுக்கு மருந்து கண்டுபிடிச்சவரும் டாக்டர்தான். நதானியேல் வார்ட். லண்டன் கிழக்குப் பகுதியில, கரிப்புகை மண்டின ஏரியாவுல பிராக்டிஸ். அவர் ஆசையா வளர்த்த பெரணி எல்லாம் புகையில கருகிப்போச்சு. 1829-ல ஒரு அந்துப்பூச்சியோட கூட்டுப்புழுவை ஈரமண்ணோட ஒரு பாட்டில்ல போட்டு மூடி வச்சார். பூச்சி வருதான்னு பார்க்க. வந்தது ஒரு பெரணியும் ஒரு புல்லும்! உள்ளே இருக்கிற ஈரம் பகல்ல ஆவியாகி, கண்ணாடியில படிஞ்சு, திரும்ப மண்ணுக்கே இறங்குது. புகை உள்ளே வரல. தண்ணியும் ஊத்தல. மூடி துருப்பிடிச்சு மழைத்தண்ணி இறங்குற வரைக்கும், ஏறக்குறைய நாலு வருஷம் அது உயிரோட இருந்துச்சு.

1833-ல அதே மாதிரி ரெண்டு கண்ணாடிப் பெட்டியில செடி வச்சு சிட்னிக்கு அனுப்புனார். செடி நல்லாவே போய்ச் சேர்ந்துச்சு. திரும்பும்போது ஆஸ்திரேலியச் செடிகளும் உயிரோட வந்துச்சு. அவர் இதுக்குக் காப்புரிமை வாங்கவே இல்ல. 1842-ல புத்தகமா எழுதி ஊருக்கே சொல்லிட்டார். இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தப் பெட்டிதான் நம்ம நீலகிரிக்கு சிங்கோனாவைக் கொண்டு வந்துச்சு. மலேரியாவுக்கு அன்னிக்கு இருந்த ஒரே உருப்படியான மருந்து குயினின், அந்த மரப்பட்டையில இருந்து எடுக்கிறது. 1860-ல மார்க்கம் பெருவில இருந்து கொண்டு வந்த கன்னுங்க செங்கடல் வெக்கையில நொந்து, ஊட்டி வந்து செத்துப்போச்சு. பெட்டி எவ்வளவு நல்லதா இருந்தாலும் உள்ளே வெந்தா என்ன பண்றது? அடுத்த வருஷம் ஈக்வடார்ல ஸ்புரூஸ் சேகரிச்ச கன்னுகளை ராபர்ட் கிராஸ் கூடவே இருந்து கொண்டு வந்தார். அது பிழைச்சுது. தொட்டபெட்டாவிலயும் நடுவட்டத்திலயும் தோட்டம் வந்துச்சு. நடுவட்டத்துல வேலை செஞ்சவங்கள்ல மலாக்கா பக்கம் இருந்து கொண்டு வந்த சீனக் கைதிகளும் உண்டு. பவுண்டி மாதிரியே இந்தச் செடிக்கும் அடியில யாரோ ஒருத்தரோட வியர்வை இருக்கு.

அந்தப் பெட்டிங்க செடியை மட்டும் கொண்டு போகல. மண்ணோட சேர்த்துப் பூச்சி, பூஞ்சைன்னு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போச்சு. இன்னிக்கு வெளிநாட்டுல இருந்து மண்ணோட செடி கொண்டு வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கிறது சும்மா இல்ல.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் செம்மண்ல பலா எப்படி நிக்கும்னு உங்களுக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 கஜாவுல அது எப்படி விழுந்து கிடந்துச்சுன்னும் தெரியும். தாத்தா வச்ச மரம் எல்லாம் வேரோட சாய்ஞ்சுது. அந்தக் காத்துக்கு எந்த வேரும் தாங்காது, அதனால யாரையும் குறை சொல்லல.

ஆனா அதுக்கப்புறம் நட்ட கன்னுங்க நிறைய பாலித்தீன் பையில வளர்ந்தது. பையில ரொம்ப நாள் கிடந்த கன்னோட ஆணிவேர் அடியில முட்டி வளைஞ்சிருக்கும். அப்படியே குழியில வச்சா, சுத்தின வேர் சுத்தினபடியேதான் தடிக்கும். மேலே பார்க்க மரம் ஜம்முன்னு இருக்கும். வருஷம் கழிச்சு ஒரு காத்துல தெரியும். பலாவிதை சீக்கிரம் உயிர் விட்டுடும், வெயில்ல காய வச்சுப் பத்திரப்படுத்த முடியாது. அதனால முடிஞ்சவங்க பழம் சாப்பிட்ட சூட்டோட நடுற இடத்துலயே விதையை ஊனிடுங்க. பைக்கன்னுதான் கிடைச்சுதுன்னா, பையைக் கிழிச்சதும் அடியில வளைஞ்ச முனையை நறுக்கி விட்டுட்டு நடுங்க. தாய்மண் மட்டும் உதிரக்கூடாது.

மல்பெரி இந்த விஷயத்துல முரட்டுச் செடி. அறுவடை முடிஞ்சதும், அக்னி நட்சத்திரம் இல்லாத நாளா பார்த்து, சாயங்காலம் பண்ணுங்க. தொட்டியில இருந்து உருவி, சுத்தியிருக்கிற வேரைச் சுத்தமான கத்தியால மேலிருந்து கீழா மூணு நாலு இடத்துல கீறி விடுங்க. அடியில பாய் மாதிரி பின்னிக் கிடக்கிறதை வெட்டி எடுங்க. வேர் குறைஞ்ச அளவுக்குக் கிளையையும் கவாத்து பண்ணுங்க. புதுத் தொட்டி ரெண்டு மூணு அங்குலம் பெருசா இருந்தா போதும். செம்மண், மக்கின தொழுவுரம், கொஞ்சம் தென்னை நார்க்கழிவு. பழைய மண்மட்டம் எங்கே இருந்துச்சோ அதே மட்டம். நிறையத் தண்ணி ஊத்தி, ஒரு வாரம் நிழல்ல வைங்க. இலை கொட்டினா பயப்படாதீங்க, துளிர்க்கும்.

டாக்டரா ஒண்ணு. சர்க்கரை இருக்கவங்க வெறுங்கையால மண்ணைப் பிசையாதீங்க, கையுறை போடுங்க. மண்ணுல டெட்டனஸ் கிருமி மட்டும் இல்ல, மெலியாய்டோசிஸ்னு ஒரு நோயோட கிருமியும் இருக்கலாம். அது சர்க்கரைக்காரங்களைத்தான் அதிகமாத் தாக்கும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் தாண்டிடுச்சுன்னா, தொட்டியைக் கவுக்குறதுக்கு முன்னாடி அதைப் போட்டுக்கோங்க.