மரச்சப்பாத்தின் கதை

'சபொட்டாஜ்' என்னும் சொல்லை ஆங்கிலம் பிரெஞ்சு மொழியிலிருந்து கடன் பெற்றது. நாம் அதனை 'நாசவேலை' எனத் தமிழில் வழங்குகிறோம். இச்சொல்லின் வரலாற்றை நோக்குமிடத்து, அது ஒரு வர்க்கத்தின் வரலாறாகவும் இருத்தலைக் காண்கிறோம்.

'சபோ' என்பது பிரான்சின் உழவரும் ஏழைகளும் அணிந்த மரச்சப்பாத்து. தொழிலாளர் தம் சப்பாத்துக்களைக் கழற்றி இயந்திரங்களுக்குள் எறிந்தமையால் இச்சொல் பிறந்தது எனப் பலர் கூறுவர். அக்கதைக்கு ஆதாரம் இல்லை. மரச்சப்பாத்துடன் தடதடவென நடத்தல், அதன்வழி வேலையை அரைகுறையாகச் செய்தல் என்பனவே 'சபொத்தே' என்னும் வினையின் பொருள். ஏழையின் காலணி ஏழையைப் பழிக்கும் சொல்லாயிற்று.

அப்பழிச்சொல்லைத் தொழிலாளரே ஆயுதமாக ஏந்தினர். 1897இல் துலூஸ் நகரிற் கூடிய பிரெஞ்சுத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் மகாநாடு, எமில் பூஜே முதலியோர் முன்வைத்த இம்முறையை ஏற்றது. அவர்கள் காட்டிய முன்மாதிரி கிளாஸ்கோ துறைமுகமாகும். 1889இல் அங்கு கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தம், பண்ணைக் கூலிகளைக் கொண்டு முறியடிக்கப்பட்டது. தோற்றுத் திரும்பிய தொழிலாளர் ஒன்றை மறக்கவில்லை: தொழிலறியாத அப்பண்ணைக் கூலிகளின் வேலை முதலாளிமாருக்குத் திருப்தியளித்திருந்தது. ஆகவே தாமும் அவர்களைப் போலவே மந்தமாக வேலை செய்தனர். சில நாட்களிற் கேட்ட உயர்வு கிடைத்தது. குறைந்த கூலிக்குக் குறைந்த வேலை என்பதே இங்கு சபொட்டாஜ், எதுவும் உடைக்கப்படவில்லை.

1910இல் பிரான்சின் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முன்னர் பொது வேலைநிறுத்தத்தை ஆதரித்துப் பேசிய அரிஸ்டீட் பிரியான், பிரதமராகி, அவர்களை இராணுவ சேவைக்கு அழைத்து அதனை முறியடித்தார். ஏறக்குறைய அவ்வேளையிலேயே இச்சொல் ஆங்கிலப் பத்திரிகைகளிற் புகுந்தது. மந்தவேலை என்னும் பொருள் பின்தள்ளப்பட்டு, அழிவு என்னும் பொருளே மேலோங்கிற்று. 'நாசவேலை' என்னும் நமது சொல்லும் இவ்வொரு பொருளையே தாங்கி நிற்கிறது.

ஆயின் வரலாறு அத்துடன் முடியவில்லை. 1940 முதல் 1944 வரை நாஜிகளின் ஆக்கிரமிப்பின் கீழ் அதே நாட்டின் புகையிரதத் தொழிலாளர் பலர் தண்டவாளங்களையும் இயந்திரங்களையும் பழுதாக்கினர். அவர்களை நாடு வீரர் எனப் போற்றியது.

எனவே 'நாசவேலை' என எவரேனும் கூறுமிடத்து, நாசமானது எது, அது எவருடையது, அவ்வாறு பெயரிடுபவர் யார் என வினவுதல் நமது கடமையாகும்.