எல்லையோரப் பெயர்கள் – 9: சர்வேபள்ளி

நகரியிலிருந்து திருத்தணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். நடுவில் மாநில எல்லை கடக்கிறது. எல்லைக்கு இருபுறமும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கினாலும், பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தில் இரு மொழிக்காரர்களும் பிரிந்துவிடுகிறார்கள். தமிழரின் தலைப்பெழுத்து பெரும்பாலும் அப்பாவின் பெயரைச் சொல்லும். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தெலுங்கரின் முதலெழுத்து இண்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர். தாத்தாவுக்கும் பேரனுக்கும் அதே எழுத்துதான். இதைக் கவனிக்காமல் இந்தப் பகுதியின் குடும்ப வரலாற்றுக்குள் நுழைபவர் முதல் அடியிலேயே வழி தவறுவார்.

1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனையே எடுத்துக்கொள்வோம். நாடறிந்த 'எஸ். ராதாகிருஷ்ணன்' என்ற பெயரில் உள்ள அந்த எழுத்தைத் தமிழ் வழக்கப்படி படித்தால் தந்தையின் பெயர் 'எஸ்'ஸில் தொடங்க வேண்டும். தந்தையோ வீராசாமி. ராதாகிருஷ்ணனின் மகன், நேருவின் வாழ்க்கை வரலாற்றை மூன்று பாகங்களாக எழுதிய வரலாற்றாசிரியர், நம் வழக்கப்படி 'ஆர். கோபால்' ஆகியிருக்க வேண்டும். அவரும் எஸ். கோபால்தான். இருவர் பெயரிலும் மாறாமல் நிற்கும் அந்த எழுத்து ஓர் ஊர்: நெல்லூர் மாவட்டம் வெங்கடாசலம் மண்டலத்தில் உள்ள சர்வேபள்ளி. இன்று ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும் அந்த ஊரின் பெயர்தான். தமிழ்ப் பத்திரிகைகள் இதைச் 'சர்வபள்ளி' என்று எழுதிப் பழக்கிவிட்டன. பள்ளி என்றால் நமக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருவதால், ஆசிரியர் தினத்துக்கு உரியவருக்குப் பொருத்தமான பட்டம் போலவும் அது ஒலிக்கிறது. தெலுங்கில் பள்ளி என்பது சிற்றூர். பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஊர்ப்பெயரான வீட்டுப்பெயரைப் பார்த்ததும் 'இந்தக் குடும்பம் அந்த ஊரில் வாழ்ந்தது' என்று முடிவு கட்டுவது வழக்கம். அந்த ஊரை விட்டுக் கிளம்பியதற்கான சாட்சியாகத்தான் அதை முதலில் படிக்க வேண்டும் என்பது என் வாதம். மதுரைக்குள் யாரையும் 'மதுரைக்காரர்' என்று அழைப்பதில்லை. கும்பகோணத்தில் எந்த மாமியும் 'கும்பகோணத்து மாமி' ஆவதில்லை. வேறு ஊருக்குக் குடிபோன பிறகு, அங்கே இருப்பவர்கள்தான் அப்படி அடையாளம் சொல்கிறார்கள். சர்வேபள்ளிக்குள் எல்லோருமே சர்வேபள்ளிக்காரர்கள் என்னும்போது, ஒரு வீட்டை மட்டும் பிரித்துக் காட்ட அந்தப் பெயர் உதவாது. தெற்கே, நேர்கோட்டில் அளந்தாலே 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து குடியேறிய பிறகுதான் அது அடையாளமாகிறது. பெயரின் இலக்கணத்திலும் இதற்குத் தடயம் உண்டு. கிரிக்கெட் வீரர் வி.வி.எஸ். லட்சுமணின் முதல் 'வி' வங்கிபுரப்பு. வங்கிபுரம் என்ற ஊர்ப்பெயர் 'வங்கிபுரத்து' என்று வேற்றுமை ஏற்று நிற்கிறது. எங்கிருந்து வந்தவர் என்ற கேள்விக்கான பதிலின் உருவம் அது. அவர் ராதாகிருஷ்ணனின் உறவு வழிக் கொள்ளுப்பேரர். வீட்டுப்பெயர் வேறாக இருப்பதே, உறவின் சங்கிலியில் எங்கோ ஒரு பெண் திருமணமாகி வேறு வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று காட்டுகிறது.

திருப்பதியில் இதைவிடப் பழைய சான்று இருக்கிறது. 1408இல் பிறந்த அன்னமாச்சாரியார் கடப்பைப் பக்கத்துத் தாளப்பாக்கத்துக்காரர். வேங்கடவனைப் பாடி அங்கேயே நிலைத்த பின், மகனும் பேரனும் கோயில் கல்வெட்டுகளில் அந்த ஊர்ப்பெயரோடுதான் வருகிறார்கள். திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. அப்படிப்பட்ட இடத்திலும் அந்தத் தெலுங்கு வீட்டுப்பெயர் உதிரவில்லை. இன்னும் தெற்கே, 1767இல் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் வீட்டுப்பெயர் காகர்லா, அதுவும் ஆந்திர ஊர். காவிரிக் கரையில் தலைமுறைகள் கழிந்தும் கிளம்பிய இடம் பெயரில் தங்கிவிட்டது.

சொந்த ஊரில் இருந்தபடியே ஊர்ப்பெயர் பெற்றவர்கள் இல்லையா என்று கேட்கலாம். தெலுங்குக் கவிஞர் பம்மெர போதனாவைச் சொல்வார்கள். ஆனால் அவர் வாழ்ந்தது தெலங்கானாவின் பம்மெரவா, கடப்பைப் பக்கத்து ஒண்டிமிட்டாவா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். வீட்டுப்பெயர் குடியிருப்புக்கு உறுதியான சான்றாக இருந்தால் அந்த வழக்கு எழுந்தே இருக்காது. நம் இலக்கியத்திலிருந்து வரும் மறுப்பு இன்னும் வலுவானது. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் ஆகியோருக்கு ஊர்ப்பெயர் உரிமையைக் குறித்ததே, பிரிவை அல்லவே? உண்மைதான். அங்கே 'கிழார்' என்ற சொல்லே உரிமையைச் சொல்லிவிடுகிறது. கல்வெட்டுகளில் வரும் 'உடையான்' செய்வதும் அதைத்தான். சர்வேபள்ளி, காகர்லா போன்றவற்றில் அப்படியொரு சொல் இல்லை. ஊரை ஆண்டவன் வழியில் வந்த வீட்டுப்பெயர்களும் சில இருக்கக்கூடும். அதற்குத் தனிச் சான்று காட்ட வேண்டும், பெயர் மட்டும் போதாது.

இன்னொரு கேள்வி நியாயமானது. ஒரே இண்டிபேரு உள்ளவர்கள் பங்காளிகள் என்று கருதிப் பெண் கொடுத்து எடுக்காமல் இருக்கிறார்களே, அப்படியானால் அது ரத்த உறவின் பெயர்தானே? ஒரு சாதிக்குள் அப்படித்தான் நடைமுறை. கிளம்பி வந்த ஒரு வீட்டின் கிளைகள் அந்தப் பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் ஒரே ஊரிலிருந்து வெவ்வேறு சாதிக்காரர்கள் வெவ்வேறு காலத்தில் கிளம்பியிருக்கிறார்கள். அதனால்தான் ஒரே இண்டிபேரு சாதி தாண்டியும் காணப்படுகிறது. அரிதான பெயர் என்பதற்காக, அதை உடைய எல்லோரையும் ஒரே வம்ச மரத்தில் ஏற்றிவிடக் கூடாது. வம்சாவளி தேடுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இந்தப் பகுதியில் பெயர் எளிதாக அரசியலாகிவிடும். ராதாகிருஷ்ணன் பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. ஒரு மனிதர், மூன்று நிர்வாக முகவரிகள். அவர் ஆந்திரரா தமிழரா என்ற வாதத்தில் 'சர்வேபள்ளி'யை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்தப் பெயர் சொல்வது, என்றோ ஒரு முன்னோர் நெல்லூர்ச் சீமையிலிருந்து தெற்கே நடந்தார் என்பதை மட்டும். அவருடைய பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் சிந்தித்தார்கள், எந்த மண்ணைத் தம்முடையதாக நினைத்தார்கள் என்பதற்கு அதில் விடை கிடையாது. இரு மாநிலங்களுக்கும் நடுவராக இருந்து எல்லையை வரைந்த படாஸ்கரும் வீட்டுப்பெயர்களை எண்ணவில்லை. கிராமத்தை அலகாக வைத்து, அங்கே வாழ்வோர் பேசும் மொழியைத்தான் பார்த்தார்.