கரியில் ஓடிய பஸ்

என்னிடம் படித்த மாங்காட்டு இளைஞர் ஒருவர் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வேன் ஒன்றை வைத்திருக்கிறார். இமயமலைப் பாதைகளில் நெடும்பயணம் செல்ல எண்ணி, அதற்கு இரண்டாவது டீசல் டேங்க் பொருத்த விரும்பினார். "ஐயா, அடியில் ஒரு டேங்கை மாட்டினால் தீர்ந்தது; இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன வரலாற்றையே நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நம் நாட்டுக்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பெருமளவில் பர்மாவிலிருந்தே வந்துகொண்டிருந்தன. 1942 மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதமே, ஏனாங்யாவுங் எண்ணெய்க் கிணறுகளைப் பிரிட்டிஷார் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்கினர். அஸ்ஸாமில் 1901 முதல் இயங்கிய திக்பாய் ஆலையின் எண்ணெய், நாடு முழுவதற்கும் போதுமானதன்று. பெட்ரோல் அளந்தே கொடுக்கப்பட்டது. பஸ்கள் நிற்காமலிருக்க வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அவ்வழிதான் கரிவாயு. மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' என்னும் கருவியை அக்காலத்தில் உருவாக்கினார். வண்டியின் பெட்ரோல் டேங்க் இருந்த இடத்திலேயே இருக்கும். பின்புறத்தில் இரும்பு உருளை ஒன்று கூடுதலாக ஏறும். அதில் மரக்கரியைக் கொட்டி, காற்றைக் குறைவாகச் செலுத்தி எரிப்பார்கள். கனலும் கரியினூடே செல்லும் காற்று கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவாக மாறும். அதைக் குளிரச் செய்து, தூசி நீக்கி, எஞ்சினுக்கு அனுப்புவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலைக்கு ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கரி வேண்டும்.

அப்போது என் தந்தையார் பள்ளிச் சிறுவர். மாங்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு நடந்துபோய், பாட்டனாருடன் சென்னைக்குப் பஸ் ஏறுவாராம். கிளீனர் விசிறிக் கைப்பிடியைச் சுழற்றிக் கனலை மூட்டும்வரை பயணிகள் காத்திருப்பர். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவர். சென்னை சேரும்போது வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகியிருக்கும். ஆயினும் பஸ் வந்ததே என்பதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி!

அந்த வசதி இலவசமாகக் கிடைத்ததன்று. வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். ஆகவே எஞ்சினின் ஆற்றல் கணிசமாகக் குறைந்தது. கரிக்காக மரங்கள் வெட்டுண்டன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றும் நஞ்சு அது. மூடிய கொட்டகையில் அடுப்பைக் கிளறுபவன் தன் உயிரையே பணயம் வைத்தான். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தபின் அந்த உருளைகளை யாரும் விரும்பவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "தம்பி, அறுபது லிட்டர் டீசல் ஏறக்குறைய ஐம்பது கிலோ. அந்தப் பாரம் எந்த அச்சின்மேல் விழும்? குலுங்கும் பாதையில் எந்தப் பட்டை அதைத் தாங்கும்? குழாய் கசிந்தால் சூடான புகைக்குழாய் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? டேங்க் காலியாகும்போது உள்ளே காற்று புக வழியுண்டா? வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இம்மாற்றத்தை ஏற்குமா?" என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

வண்டி செல்லும் தூரத்தைக் கூட்டுவது நல்லதே. ஆனால் கூடுதலாக ஏற்றும் எரிபொருள், தன் பாரத்தையும் தன் அபாயத்தையும் கூடவே ஏற்றிவருகிறது. நம் பாட்டன்மார் வேறு வழியின்றி அதைச் சுமந்தனர். நாமோ எண்ணிப் பார்த்துச் சுமக்கும் வாய்ப்புள்ளவர்கள்.